அக்கா தைத்த கழுத்துப்பட்டை

அக்காவின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால், "என் பேரை எதுக்குட்டி ஊர் பூரா இழுக்கே" என்று கேட்பார். கேட்கிற தூரத்தில் அவர் இப்போது இல்லை. ஆனாலும் அந்தக் குரலுக்கு எனக்கு இன்னும் பயம் உண்டு.

வீரபாண்டிப் பக்கம் ஒரு காம்பவுண்டில் நாங்கள் குடியிருந்தோம். எதிரும் புதிருமாக வரிசை வீடுகள், நடுவில் ஒரு குழாய், கேட்டுக்கு வெளியே சின்ன ரோடு. கல்யாணமாகி குன்னத்தூரிலிருந்து வந்திருந்தேன். என் வீட்டுக்காரர் ஒரு பிரிண்டிங் பட்டறையில் வேலை பார்த்தார். காலையில் போனால் பொழுது விழுந்துதான் வருவார். அதுவரை நான் சுவரைப் பார்ப்பேன், சுவர் என்னைப் பார்க்கும்.

அங்கே நல்ல தண்ணீர் எப்போதாவதுதான் வரும். மற்ற நாளெல்லாம் உப்புக் கரிக்கிற போர்வெல் தண்ணீர். அதில் சோறாக்கினால் சோறு மஞ்சளாகும், பருப்பு வேகவே வேகாது. நல்ல தண்ணீர் வருகிற அன்றைக்குக் குடங்களைக் குழாயடியில் வரிசையாக வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஆள் நிற்க வேண்டியதில்லை, குடம் நின்றால் போதும். நானும் என் புதுக் குடத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்க வந்தேன். திரும்பிப் போனால் என் குடம் வரிசையில் இல்லை. சுவரோரமாகத் தனியாக உட்கார்ந்திருந்தது. யார் நகர்த்தினார்கள் என்று கேட்டேன். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் அவரவர் குடத்தைப் பார்த்துக்கொண்டார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"உம் மேலதான் தப்பு பிள்ளே," என்றார் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா. கறுத்து, ஒல்லியாக, காதில் ஒரு பொட்டுத் தங்கத்தோடு இருந்தார். பேச்சிலேயே தூத்துக்குடிப் பக்கம் என்று தெரிந்தது. "ஒரு அடையாளம் வேண்டாமா? யாருதுன்னு தெரியாமக் கெடந்தா எவளும் எடுத்து ஓரமாத்தான் வைப்பா."

இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப்பையைத் திறந்து, ஒரு சிவப்புத் துணி நாடாவை எடுத்து, என் குடத்தின் கழுத்தில் இழுத்துக் கட்டினார். குடத்தைத் தூக்கி வரிசையில் தன் குடத்துக்கு முன்னால் வைத்தார். அவருடைய குடத்தின் கழுத்திலும் அதே போல் ஒரு சிவப்பு நாடா இருந்தது.

"இனி எவ தொடுதான்னு பாப்போம்."

அக்காவை நான் முதன்முதலில் பார்த்தது அப்படித்தான். பழகப் பழகத்தான் தெரிந்தது, குடம் மட்டும் இல்லை, கண்ணில் படுகிற எல்லாவற்றுக்கும் அவர் ஒரு நாடாவைக் கட்டிவிடுவார். செருப்பில், விளக்குமாற்றில், துணி காயப்போடும் கயிற்றின் இரண்டு முனையிலும் நாடா இருந்தது. காம்பவுண்டுக்கு வெளியே சாக்கடையோரம் தானாக முளைத்த ஒரு முருங்கைக் கன்றுக்கும் கட்டியிருந்தார். ரோடு போடுகிறவர்கள் அதை வெட்ட வந்தபோது வெளியே போய் நின்று, "அது என்னுது" என்று சொன்னாராம். அவர்கள் நாடாவைப் பார்த்துவிட்டு, யாரோ வேண்டுதலுக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, ரோட்டை அந்த இடத்தில் கொஞ்சம் ஒதுக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த வளைவு நான் இருந்தவரைக்கும் அப்படியே இருந்தது.

அக்கா ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். அவருக்குக் கழுத்து வேலை. டீசர்ட்டின் கழுத்தில் வட்டமாக வைத்துத் தைப்பார்களே, இழுத்தால் விரிந்து விட்டால் சுருங்கிக்கொள்ளும் துணி, அதற்கு ரிப் என்று பெயர். அந்த ரிப்பை வட்டமாக்கிக் கழுத்தில் ஏற்றுவதுதான் நாள் பூராவும் அவர் செய்தது. வெட்டி விழுகிற துண்டுகளை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வருவார். "கேட்டுத்தான் எடுத்தேன்" என்று யாரும் கேட்காமலே எல்லாரிடமும் சொல்வார்.

"இதை மாதிரி நல்ல துணி ஒலகத்துல கெடையாது பிள்ளே," என்பார். "தலை போவணும்னா விரிஞ்சு வழி விடும். போன பொறவு கழுத்தைப் புடிச்சுக்கிடும். மனுசன்ல அப்படி ஒருத்தனைக் காட்டு பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை ஆனால் பழைய கால் மிஷினை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்காருவார். வாரம் பூராவும் தைத்தது போதாதா என்று நான் கேட்டிருக்கிறேன். "அது அவனுக்குத் தைக்கது, இது எனக்குத் தைக்கது" என்று சொல்லிவிட்டு ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார். துண்டுத் துணிகளைச் சேர்த்துக் கட்டில் விரிப்பு, கதவுத் திரை, மிக்சிக்கு ஒரு தொப்பி எல்லாம் தைத்துவிடுவார். கேஸ் சிலிண்டருக்குக்கூட ஒரு சட்டை தைத்துப் போட்டிருந்தார். அது ரோஸ் நிறத்தில் கழுத்துவைத்த சட்டையோடு அடுப்படியில் நிற்பதைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"சிரி சிரி. உங்க வீட்டு சிலிண்டர் அம்மணமா நிக்கி. அதைப் பாத்து நான் சிரிச்சேனா?"

வாசலில் செடிகளும் உண்டு. சாயப்பட்டறைகளில் தூக்கிப் போடும் பிளாஸ்டிக் கேன்களைப் பாதியாக அறுத்து, டேபிள் ரோஸ், புதினா, கனகாம்பரம் வைத்திருந்தார். போர் தண்ணீர் ஊற்றினால் இலையெல்லாம் ஓரம் கருகிப்போகும். அதனால் அரிசி கழுவிய தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் எல்லாம் ஒரு வாளியில் சேரும். எங்கள் வீட்டு அரிசித் தண்ணீரையும் நான் கொண்டுபோய் அந்த வாளியில்தான் ஊற்ற வேண்டும், மறந்தால் வீட்டு முன்னால் வந்து நிற்பார். கனகாம்பரம் பூத்துவிட்டால் காம்பவுண்டையே கூப்பிட்டுக் காட்டுவார். நாமாகக் கை நீட்டிப் பறித்துவிட முடியாது. அவர் பறித்து, அவர் கையால் கட்டி, அவர் கையால் நம் தலையில் வைக்க வேண்டும். எனக்கு அந்த வாசலில் போய் உட்கார்ந்திருப்பது அவ்வளவு பிடித்திருந்தது. மிஷின் சத்தம், ரேடியோப் பாட்டு, காலடியில் நாய்கள். வீட்டு நினைப்பு வந்து அழுதது எல்லாம் அங்கே உட்கார ஆரம்பித்த பிறகு நின்றுபோயிற்று.

நாய்களைப் பற்றிச் சொல்லவில்லையே. எல்லாம் தெருநாய்கள்தான். அக்கா அவற்றுக்கு கம்பெனி சைஸ்களைப் பெயராக வைத்திருந்தார். பெரிய செவலைக்கு லார்ஜ். தின்று தின்று பெருத்த கிழட்டு நாய்க்கு டபுள் எக்ஸெல். சாம்பல் நிறப் பெட்டைக்கு மீடியம். பொழுது சாய அக்கா ரோட்டு முனையில் திரும்பும்போதே, "மீடியம், லார்ஜு" என்று கூப்பிடுவது கேட்கும். புதிதாகக் குடிவந்த ஒரு வடக்கத்திப் பையன், இந்தம்மா பனியன் விற்கிறார் என்று நினைத்து விலை கேட்டுவிட்டான்.

எனக்கு நாய் என்றால் ஆகாது. சின்ன வயசில் கடி வாங்கி ஊசி போட்டவள் நான். "ஏனுங்க்கா, ஊட்டு முன்னாலயே இதுகளைச் சேத்து வெச்சுக்கறீங்களே, ஆராச்சும் கடி வாங்குனா?" என்று சண்டைக்கே போயிருக்கிறேன். அக்கா கோபப்படவில்லை. "உன்னக் கடிக்காது. நீ என் கூட இருக்கவதானே" என்றார். டபுள் எக்ஸெல் வந்து என் கால்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. எழுந்திருக்கப் பயந்துகொண்டு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பக்கம் நாய் பிடிக்கிற வண்டி வர ஆரம்பித்தது அப்போதுதான். கம்பி வலை அடித்த வண்டி. ஒருத்தன் வண்டியை ஓட்டுவான், ஒருத்தன் நீளக் கோலில் சுருக்குக் கயிறு மாட்டிக்கொண்டு இறங்குவான். கொண்டுபோன நாய்களை என்ன செய்கிறார்கள் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எங்கேயோ மலையடிவாரத்தில் விட்டுவிடுகிறார்கள் என்பார்கள் சிலர், அதை ஏன் கேட்கிறாய் என்பார்கள் சிலர். எங்கள் ரோட்டிலிருந்து போன எதுவும் திரும்பி வந்ததில்லை. வளர்ப்பு நாய் என்றால் தொடமாட்டார்கள் என்றும் ஒரு பேச்சு இருந்தது. கழுத்தில் பட்டை இருந்தால் வளர்ப்பு நாய்.

அக்காவுக்கு இது போதாதா? அந்த ஞாயிற்றுக்கிழமையே ரிப்பை மடித்து மடித்து, நாய்களுக்கெல்லாம் கழுத்துப்பட்டை தைத்துவிட்டார். சிவப்பு, நீலம், கிளிப்பச்சை. அறுந்து விழுந்துவிடக் கூடாது என்று நைலான் நூலில் ரெட்டைத் தையல். பக்கிள் கிடையாது, கொக்கி கிடையாது. தலைவழியாக இழுத்து மாட்டினால் தானாகக் கழுத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், டீசர்ட் மாதிரியேதான். அந்த வாரம் வண்டி வந்தது. கோல்காரன் இறங்கிப் பார்த்தான். ரோட்டு நாயெல்லாம் கலர் கலராகப் பட்டை போட்டுக்கொண்டு படுத்திருந்தன.

"ஆருதுங்க இதெல்லாம்?"

"என்னுது," என்றார் அக்கா.

"எல்லாமேவா?"

"எல்லாந்தான். ஏன், வீட்டுல நாலு பிள்ளை இருந்தா ஒண்ணுதான் என்னுதுன்னு சொல்லணுமா?"

அவன் ஓட்டுகிறவனைப் பார்த்தான். ஓட்டுகிறவன் ஏறு என்று கையைக் காட்டினான். வண்டி போய்விட்டது. அன்று சாயங்காலம் அக்கா எங்கள் எல்லாருக்கும் பால் வாங்கி டீ போட்டுக் கொடுத்தார். நல்ல தண்ணீரில் போட்ட டீ.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை அவர் பட்டை தைத்துக்கொண்டிருக்கும்போது நான்தான் வாயை விட்டேன். இப்படி எதைக் கண்டாலும் கட்டிவைக்கிறீர்களே, எதற்கு என்று கேட்டேன். அக்கா மிஷினை நிறுத்தவில்லை.

"எங்க வீட்டுக்காரரு லோடு லாரியில போனவரு. தாராபுரம் ரோட்டுல வண்டி கவுந்துட்டு. சட்டைப்பையில ஒண்ணுமில்ல. யாரு, எந்த ஊருன்னு தெரியாம ஆஸ்பத்திரியில போட்டு வச்சிருந்தாங்க. நான் அவரு கூட்டாளிமாரு வீடு வீடாத் தேடிட்டுத் திரியுதேன். கடைசியில அங்க போய்ப் பாத்தா, கால் பெருவிரல்ல ஒரு அட்டையைக் கெட்டி விட்டிருக்கான். பேரு எழுதுத எடத்துல கோடு போட்டு வச்சிருக்கான்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அந்தக் கத்திரிய இங்க தள்ளு."

நான் கத்திரியைத் தள்ளினேன். இதனால்தான் அது என்று முடிச்சுப்போட இன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை. அவர் அதற்கு முன்பிருந்தே அப்படித்தானோ என்னவோ. ஆனால் அதற்குப் பிறகு அந்த நாடாக்களைப் பார்த்து என்னால் சிரிக்க முடியவில்லை.

மீடியம் போட்ட குட்டிகளில் ஒன்றுதான் பிழைத்தது. அதற்கு ஸ்மால் என்று பெயர். வெள்ளையில் ஒரு காது மட்டும் சாம்பல். தாய்க்காரி கொஞ்ச நாளில் வேன் ஒன்றில் அடிபட்டுச் செத்துப்போக, அக்கா அதைப் பால்பாட்டில் வைத்து வளர்த்தார். அது மிஷினின் மிதிகட்டைமேல்தான் படுத்துத் தூங்கும். தூங்கிவிட்டால் அது எழுகிறவரைக்கும் தையல் கிடையாது. பாதித் தைத்த துணியைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா சும்மா உட்கார்ந்திருப்பார். "எந்திரிக்கட்டும் பிள்ளே, என்ன அவசரம்." அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்தது அந்த நேரங்களில் மட்டும்தான்.

ஸ்மாலுக்குக் கிளிப்பச்சையில் பட்டை தைத்தார். சின்னக் கழுத்துக்குச் சின்னப் பட்டை. "வளருமேங்க்கா, பத்துமா?" என்று கேட்டதற்கு, "ரிப்பு பிள்ளே. வளர வளர விரிஞ்சு குடுக்கும். பத்தலன்னா வேற தைச்சிட்டாப் போச்சு" என்றார். வேறு தைப்பதற்கு அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. தீபாவளியன்று ரோட்டில் சரவெடி வைத்தார்கள். மற்ற நாய்கள் வீட்டுக்குள் வந்து கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டன. ஸ்மால் பயத்தில் கேட்டைத் தாண்டி ஓடிற்று. அதோடு ஆளைக் காணோம்.

தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போக அக்கா டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். போகவில்லை. வீரபாண்டியைச் சுற்றி ஒரு சந்து விடாமல் தேடினார், நானும் கூடவே போனேன். கிடைக்கவில்லை. அழவில்லை அவர். "பட்டை கெட்டியிருக்குல்லா. வண்டிக்காரன் தொடமாட்டான். பாக்கவங்க யாருதோ நாய்னு நல்லாப் பாத்துக்கிடுவாங்க" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். பொங்கல் வந்து போயிற்று. அப்போதும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெயில் ஏற ஆரம்பித்த பங்குனியில், ஒரு மத்தியானம் அது திரும்பி வந்தது. நெடுநெடுவென்று வளர்ந்து, விலா எலும்பெல்லாம் தெரிய, கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. சாம்பல் காதை வைத்துத்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது. உள்ளே வரவில்லை. நான் வைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு முருங்கை நிழலில் படுத்துக்கொண்டது. பட்டையைக் காணோம், எங்கேயோ அறுந்து விழுந்திருக்கும் என்று நினைத்தேன். சாயங்காலம் அக்கா வந்தார். ரோட்டு முனையிலிருந்தே பார்த்துவிட்டார். கையிலிருந்த டிபன் பாக்ஸைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"என் ராசா, எங்கய்யா போன," என்று மண்ணில் உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளப் போனார்.

நாய் கத்திய கத்தலில் காம்பவுண்டே வெளியே வந்துவிட்டது. அக்காவின் கையைக் கவ்வப் பார்த்தது. அவர் கையை எடுத்துப் பார்த்தார். விரலில் ஈரமும் சீழும். அப்போதுதான் எங்களுக்கு அந்த நாற்றமே உறைத்தது. பட்டை அறுந்து விழவில்லை. கழுத்துக்குள்ளேயே இருந்தது. நாய் வளர வளர, சேறும் சாயத் தண்ணீரும் ஏறி விறைத்துப்போன ரெட்டைத் தையல் விரிந்துகொடுக்காமல் சதைக்குள் இறங்கியிருந்தது. மேலே முடி மூடிவிட்டது. ஒரு ஓரத்தில் மட்டும் கிளிப்பச்சை தெரிந்தது.

அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் காலையில் சாக்கில் பொதிந்து ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஆட்டுக்குட்டியோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "எந்தப் பாவி இப்படிக் கட்டி உட்டானோ, அவங் கை வெளங்குமா" என்று வாய்விட்டுச் சொன்னார். டாக்டர் முடியை விலக்கிப் பார்த்தார். அவருக்கும் கோபம் வந்துவிட்டது.

"யார் கட்டினது இது?"

நான் முந்திக்கொண்டேன். "தெரு நாய்ங்க டாக்டர். ஆரு கட்டுனாங்கன்னு தெரியலீங்க."

"நாந்தான் கெட்டுனேன்," என்றார் அக்கா. "என்னுதுதான்."

ஆட்டுக்குட்டி அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர், பட்டை ரத்தக்குழாய்ப் பக்கத்தில் இருக்கிறது, வெட்டும்போது போனாலும் போய்விடும் என்று சொல்லிவிட்டு, தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மயக்க ஊசி வேலை செய்ய நேரம் பிடித்தது. அதுவரைக்கும் அக்கா அதன் தலையை மேஜையோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நாய் கண்ணை எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்தது. வெட்டி எடுத்த பட்டையைத் தட்டில் போட்டபோது டங்கென்று சத்தம் வந்தது, அந்த அளவுக்குக் கெட்டிப்பட்டிருந்தது. நாய் பிழைத்துக்கொண்டது.

அக்கா அதோடு விடவில்லை. இத்தனை நாள் அது எங்கே இருந்தது என்று தெரிந்தாக வேண்டும் அவருக்கு. வேலை விட்டு வரும்போது ஒவ்வொரு ரோடாகப் போய்க் கேட்டார். ஒரு சனிக்கிழமை நானும் போயிருந்தேன். பள்ளத்தோரம் ஒரு சாயப்பட்டறை, அங்கே வாட்ச்மேனாக ஒரு பெரியவர்.

"ஆமாங்க சாமி, இங்கதான் சுத்திக்கிட்டுக் கெடந்துச்சு, ஒரு காது சாம்பலு," என்றார். "நல்லாப் பச்சைப் பட்டை போட்டிருந்துச்சுங்க. ஆரோ ஆசையா வளக்கற நாயாட்டம் இருக்குதுன்னு நாங்க ஒண்ணும் பண்ணலீங்க. சோறு வெச்சா இங்கயே பழகிக்கும். அப்பறம் சொந்தக்காரங்க வந்து சண்டைக்கு நிப்பாங்க பாருங்க. பொழுதானா ஊட்டுக்குப் போயிரும்னு நெனச்சோம். பட்டை இல்லாத நாயெல்லாம் இங்க சோறு தின்னுட்டுத்தாங்க கெடக்குது."

கடைசியாகச் சொன்னதை அவர் சும்மாதான் சொன்னார். அவருக்குப் பின்னால், பட்டறையை ஒட்டியிருந்த டீக்கடைப் பெஞ்சுக்கடியில் இரண்டு மூன்று நாய்கள் கொழுகொழுவென்று படுத்திருந்தன.

வீடு வந்ததும் அக்கா கத்திரியை எடுத்தார். லார்ஜ், டபுள் எக்ஸெல், பக்கத்துச் சந்து நாய்கள் என்று ஒவ்வொன்றையும் கூப்பிட்டு, பட்டைக்குள் விரலைக் கொடுத்துத் தூக்கி, வெட்டி எடுத்தார். நாய்கள் விளையாட்டு என்று நினைத்து வாலை ஆட்டின. எல்லாவற்றையும் சுருட்டி அடுப்பில் போட்டார். ரிப் எரிந்த வாசனை ராத்திரி வரைக்கும் காம்பவுண்டில் நின்றது.

"வண்டி வந்தா என்னங்க்கா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"தெரியலட்டி," என்றார். தெரியவில்லை என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்.

ஸ்மாலுக்குப் புண் ஆறிவிட்டது. கழுத்தைச் சுற்றி முடி முளைக்காமல் ஒரு வளையம் மட்டும் நின்றது. ஆனால் அது அக்காவிடம் வரவில்லை. யார் கைக்கும் அது வராதுதான். அக்காவின் கையைக் கண்டால் ஓடியே போய்விடும். தட்டை வைத்துவிட்டு அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் வந்து தின்னும். "கிறுக்கு நாயிங்க்கா, உசுரைக் காப்பாத்துனதே நீங்கதான்னு அதுக்குத் தெரியல" என்றேன். "அதுக்கு ஞாபகம் இருக்கு பிள்ளே. இருக்கத்தான செய்யும்" என்றார். அதற்குப் பிறகு வாசலில் உட்காரும்போது கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார். வாசலுக்கு மிஷின் வரவில்லை. ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருக்கும்.

வண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. சத்தம் கேட்டதும் அக்கா ஓடிவந்து கூப்பிட்டார். லார்ஜும் டபுள் எக்ஸெல்லும் விழுந்தடித்து வீட்டுக்குள் வந்துவிட்டன. ஸ்மால் வரவில்லை. நடுரோட்டில் நின்றது. கோலோடு ஒருத்தன் மெதுவாக அதை நோக்கி நடந்தான்.

"அது என்னுதுய்யா," என்றார் அக்கா கேட்டிலிருந்து.

"பட்டை இல்லீங்களேம்மா."

"பட்டை இல்ல. கெட்டவும் மாட்டேன்."

"எல்லாரும் இதைத்தாங்க சொல்றாங்க. செரி, உங்க நாய்ன்னாக் கூப்புடுங்க. வந்துச்சுன்னா உட்டுட்டுப் போறோம்." அவன் கெட்டவனாகத் தெரியவில்லை. கோலைத் தாழ்த்திக்கொண்டு நின்றான்.

அக்கா ரோட்டுக்கு இறங்கினார். "ஸ்மாலு," என்றார். காதைத் தூக்கிற்று. "வா ராசா. வந்துரு." அது ஒரு அடி பின்னால் போயிற்று. அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையைக் காட்டாமல், தரையைப் பார்த்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். அது இன்னும் கொஞ்சம் பின்வாங்கி, அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. நானும் கூப்பிட்டேன். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. காம்பவுண்டு சனம் பூராவும் வெளியே வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அந்தக் கோலைப் பிடுங்கலாமா என்று எனக்கு இருந்தது.

கோல்காரன் தயங்கினான். "வரலீங்களேம்மா," என்றான்.

அக்கா எழுந்தார். முட்டியில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டவில்லை. "என்னால பாக்க முடியாதுய்யா. சுருக்கை இறுக்காமப் போடு. அதுக்குக் கழுத்துல வலி இருக்கு," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். கேட்டைத் தாண்டி, குழாயைத் தாண்டி, தன் வீட்டு வாசலில் போய்க் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கோல்காரன் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தான். ஸ்மால் அவனைத் தாண்டி நடந்தது. ஓடவில்லை. அவன் காலை உரசாத குறையாகக் கடந்து, கேட்டுக்குள் நுழைந்து, அக்கா போன வழியிலேயே போய், அவருக்குப் பின்னால் கொஞ்ச தூரம் விட்டு நின்றது. கோல்காரன் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு கோலை வண்டியில் போட்டுவிட்டு ஏறிக்கொண்டான். வண்டி கிளம்பியது.

அந்தச் சத்தத்தைக் கேட்டு அக்காவின் தோள் குலுங்கியது.

"ஏத்திட்டாம்லா பிள்ளே?" என்றார், திரும்பாமல்.

"இல்லீங்க்கா. உங்க பின்னாலயே வந்து நிக்குதுங்க."

அவர் அசையவில்லை. உள்ளே அடுப்பில் சோறு பொங்கி வழிந்து தீய்கிற வாசனை வந்தது. நான் போய் இறக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

"நான் திரும்புனா போயிரும்," என்றார், மெதுவாக.

கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடியே, அப்படியே நின்றுகொண்டிருந்தார்.